செம்புக் கொத்தின் செம்மஞ்சள்

ஒளியாய் நின்றவன் துணை.

ஆவணி 10, திங்கள்

நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டேன். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. நல்ல நாள் என்றே எண்ணியிருந்தேன்.

அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி ஆய்வு மாணவி என்ற பெயரோடு நெறியாளர் அறை வாசலில் நிற்பதை அந்தக் கட்டடம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை. புதிதாக வந்த கடைநிலை ஊழியர், "பேத்திக்கு அட்மிஷனாம்மா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், எஞ்சிய காலத்தில் அதைக் கற்கலாம் என்று வந்தேன். அவ்வளவுதான் செய்தி.

என் நெறியாளர் முனைவர் பெனிட்டா, தூத்துக்குடிக்காரர், என்னைவிட ஒரு தலைமுறை இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை. இன்று அவர் எழுந்து நின்று நாற்காலியை என் பக்கம் தள்ளியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"டீச்சர், ரிப்போர்ட் வந்துருக்கு. மொதல்ல தண்ணி குடிங்க."

என் ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் சென்னையிலிருக்கும் பேராசிரியர் வேதமூர்த்தி. முதல் மூன்று இயல்களைப் பாராட்டியிருக்கிறார். நான்காம் இயலைப் பற்றி இவ்வாறு எழுதியிருக்கிறார்: ஆய்வாளரின் செம்பு அயோடைடுக் கொத்துச் சேர்மம் செம்மஞ்சளாக ஒளிர்வதாகக் கூறப்படுகிறது, அதே செய்முறையில் எங்கள் ஆய்வகத்தில் செய்தோம், பச்சையாகவே ஒளிர்கிறது, வாய்மொழித் தேர்வு நாளில் என் முன்னிலையில் செம்மஞ்சளைக் காட்ட இயலாவிடில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை.

அந்த நான்காம் இயல்தான் என் ஆய்வின் கருவறை. நான்கு செம்பு அணுக்களும் நான்கு அயோடின் அணுக்களும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் மாறி மாறி அமர்ந்திருக்கும் சேர்மம் அது. பகலில் பார்த்தால் வெறும் வெள்ளைத் தூள். தூள் உப்பென்று ரசத்தில் போட்டுவிடலாம். புறஊதா விளக்கை அதன்மேல் காட்டினால், கண்ணுக்குப் புலப்படாத ஒளியை வாங்கிக்கொண்டு கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகத் திருப்பித் தரும். மறைந்து நிற்பதை வெளிப்படுத்திக் காட்டும் அந்தக் குணத்துக்காகவே அதன்மேல் எனக்குப் பற்று உண்டாயிற்று.

செம்மஞ்சளை நான் கண்டேன். என் கண் மட்டுமன்று, நிறமாலைமானியும் கண்டது. வரைபடம் இருக்கிறது.

"அப்போ மறுபடி செஞ்சிப் பாத்திருவோம். ஒரு நாள் வேலை" என்றார் மேடம்.

ஒரு நாள் வேலைதான்.

ஆவணி 11, செவ்வாய்

செய்தேன். பச்சை.

ஆவணி 16, ஞாயிறு

மாத சிவராத்திரி. வில்வம் பறித்து வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் துணியெடுத்துத் துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் துடைப்பது அவர் வழக்கமன்று.

ஆவணி 24, திங்கள்

இதுவரை செய்த அத்தனையும் பச்சை. இளந்தளிரின் பச்சை, கிளிச்சிறகின் பச்சை, எங்கள் தெப்பக்குளத்துப் பாசியின் பச்சை. கரைப்பானை மாற்றினேன், வெப்பத்தைக் கூட்டினேன், குறைத்தேன். சேர்மம் அசையவில்லை. அணுக்களின் அமைப்பை எக்ஸ் கதிரால் மீண்டும் பார்த்தாயிற்று. அதே கனசதுரம். ஒரு குறையும் இல்லை.

மீதம் வைத்திருந்த பழைய தூளையும் எடுத்து விளக்கில் காட்டினோம். முன்னொரு நாள் செம்மஞ்சளாக எரிந்த அதே தூள் இப்போது பச்சை.

ஆய்வகத்தில் என்னோடு பயிலும் இசக்கிராஜா நல்ல பிள்ளை, வாய்தான் சும்மா இராது. "டீச்சர், நீங்க உள்ள வந்தாலே லேபு கோயில் மாதிரில்லா மணக்கு. சாம்பிள் பயந்து போயிப் பச்சையாயிட்டு" என்றான். சிரித்தேன். பிறகு அவன் பக்கத்து அறையில் ஒருவரிடம் மெல்லச் சொல்வதும் கேட்டது.

"லேபிள் மாத்தி ஒட்டிருப்பாங்கடே. வயசாயிட்டுல்லா. வேணும்னு செய்யல, பாவம்."

பாவம் என்ற அந்தச் சொல்தான் வீடு வரை கூட வந்தது.

புரட்டாசி 4, வெள்ளி

வீட்டுச் சாவிக்கு இன்னொரு படி செய்து என் கணவர் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். ஏன் என்றேன். "சும்மாத்தான் ஆவுடை, ஒரு ஆத்திர அவசரத்துக்கு" என்றார். அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவர் எச்சரிக்கையான மனிதர்.

புரட்டாசி 14, திங்கள்

மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படக் கூடாது. நாலாம் சேப்டர எடுத்துருவோம். மத்த மூணையும் விரிச்சி எழுதி, திரும்ப அனுப்புவோம். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஆனா டிகிரி கெடச்சிரும்."

"அப்ப அந்தச் செம்மஞ்சள் பொய்யா மேடம்?"

"பொய்னு நான் சொல்லல."

"எடுத்துட்டா நாமளே பொய்னு சொன்ன மாதிரிதானே?"

அந்த இயலை ஆய்விதழ் ஒன்றிலும் வெளியிட்டிருக்கிறோம். அதில் அவர் பெயரும் இருக்கிறது. திரும்பப் பெற்றால் அவர் பேராசிரியர் பதவிக்காகக் காத்திருக்கும் வரிசையில் அது கல்லாய் விழும். அதை அவர் சொல்லவில்லை. நான் அறிவேன் என்று அவருக்குத் தெரியும்.

"வைவா கார்த்திகையில. அது வரைக்கும் உங்களுக்கு விட்டுருதேன்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் கும்பிட விடுவதில்லை. இன்று தடுக்கவும் இல்லை.

புரட்டாசி 18, வெள்ளி

கணவருக்கு முழங்கால் வலி என்று பாளையங்கோட்டைக்குப் போனோம். மருத்துவர் இளைஞர், கனிவானவர். ஆனால் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

"வெள்ளி. துவிதியை. சித்திரை நட்சத்திரம். நவராத்திரி ரெண்டாம் நாள்."

அவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். வினாடி முள்ளும் போட்டேன். "அடுத்த மாசம் ஒருக்கா வாங்க" என்றார், என் கணவரைப் பார்த்து.

முழங்கால் வலிக்காரரின் மனைவிக்கு நினைவாற்றல் சோதனை வைப்பது புதிய மருத்துவ முறை போலும். வரும் வழியில் இருட்டுக்கடைப் பக்கம் இறங்கி அல்வா வாங்கிக் கொடுத்தார்.

புரட்டாசி 25, வெள்ளி. சரசுவதி பூசை

எங்கள் ஆய்வகத்தில் தேக்கு அலமாரி ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவுகள், உள்ளே கலைமகள் படம். ஆண்டு முழுவதும் பூசைச் சாமான்களும் அதற்குள்ளேயே இருக்கும். இந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் தத்தம் கருவியை அதில் வைத்துவிடுவோம். ஒருவர் திருப்புளி வைப்பார், ஒருவர் அளவுக்குழாய் வைப்பார். நிறமாலைமானியைத் தூக்கி வைக்க முடியாதாகையால் அதன் சாவிக்குச் சந்தனப் பொட்டு. மேடம் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் தம் பேனாவை ஆண்டுதோறும் கொண்டுவந்து தம் கையாலேயே வைப்பார், பொரிகடலையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"எங்க மாதா கோவிச்சிக்கிட மாட்டாங்க டீச்சர். அவங்களும் புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தவங்கதான்."

நான் என் தூளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மூடாமல், அம்மையின் திருவடியருகே வைத்தேன். சென்ற ஆண்டும் இப்படித்தான் வைத்தேன். பூசையில் வைக்கும் பண்டத்தை மூடி வைப்பது எங்கள் வழக்கமன்று. சென்ற ஆண்டு நன்றியாக வைத்தேன். இம்முறை வேறு விதமாக. என்னவென்று எழுத வேண்டியதில்லை, அவள் படித்திருப்பாள்.

கதவு சாத்தியாயிற்று. விசயதசமி காலை வரை எவரும் தொடலாகாது, ஏடும் திறக்கலாகாது.

புரட்டாசி 26, சனி. விசயதசமி

நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

காலையில் தீபாராதனை முடிந்ததும், புதிதாகக் கல்வி தொடங்கும் நாளாயிற்றே, ஒரு முறையேனும் அளந்துவிட்டுப் போவோம் என்று தட்டை எடுத்து விளக்கின்கீழ் வைத்தேன். இசக்கிராஜா சுண்டல் தின்றபடி பக்கத்தில் நின்றான்.

செம்மஞ்சள்.

பழுத்த கனியின் நிறம். அந்தி வானம் தாமிரபரணியில் விழும்போது வருமே, அந்த நிறம். முன்னொரு நாள் நான் கண்டு, வரைபடமாக்கி, ஊரார் பொய்யென்று எண்ணிய அதே நிறம்.

இசக்கிராஜா சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தான். "டீச்சர்" என்றான். அவனுக்கு அதற்குமேல் சொல்ல வராததை இன்றுதான் கண்டேன்.

மேடம் ஓடி வந்தார். நிறமாலைமானியை ஓட்டினோம். சென்ற ஆண்டு வரைந்த அதே முகடு, அதே இடத்தில்.

"என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல மேடம். அம்பாள் காலடில வச்சேன். அவ குடுத்தா."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தோசம் டீச்சர். நெசமாவே சந்தோசம். ஆனா வேதமூர்த்தி சார் கேட்டா அம்பாள் குடுத்தான்னு நான் எழுத முடியாதுல்லா."

உச்சிப்பொழுதுக்குள், வெப்பத் தகட்டின் அருகே இருந்த அந்தத் தட்டு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பிற்று. வந்த திருவருள் நம் கண்ணெதிரே விடைபெறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதன்று.

புரட்டாசி 27, ஞாயிறு

இன்று ஆய்வகம் இல்லை. மனத்துக்குள் ஒரே வழக்காடல்.

அலமாரிக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான் நிறத்தை மாற்றியது. சென்ற ஆண்டும் அளந்தது விசயதசமி அன்றுதான். இப்போது எண்ணிப்பார்க்கத் தெளிவாகத் தெரிகிறது. பூசை வேறு, ஆய்வு வேறு என்று என் மனம் பிரித்துவைத்திருந்ததால், தட்டு ஓர் இரவு முழுதும் அங்கே இருந்ததை நான் ஆய்வின் பகுதியாகவே கருதவில்லை. அடுப்படியில் ஆறவைத்தேன் என்றால் எழுதியிருப்பேன். அம்மையின் அடியில் வைத்ததை எழுதத் தோன்றவில்லை.

உள்ளே இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் அருளாக வந்ததைப் பிரித்துச் சோதிப்பதா? நீ கொடுத்தாயா, உன் சந்தனம் கொடுத்ததா என்று அவளிடமே கேட்பதா?

கணவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ஏட்டி, அருளா இருந்தா நீ சோதிச்சா கொறஞ்சிருமா?"

"கொறையாது."

"பெறவு யாருக்காவப் பயப்படுத? அவளுக்காவவா, உனக்காவவா?"

எழுந்து பரணைப் பார்த்தேன். ஊறுகாய்க்கு வைத்திருந்த கண்ணாடிப் புட்டிகள் அங்கேதான் இருந்தன. அவரே ஏணி வைத்து இறக்கிக் கொடுத்தார். முழங்கால் வலியே இல்லாதவரைப் போல ஏறினார்.

புரட்டாசி 28, திங்கள்

புட்டிகளைக் கம்பிக்கூடையில் வைத்து அவரே பேருந்து வரை தூக்கி வந்தார். நடத்துநர், "என்னம்மா, மாவடுவா?" என்றார். "இல்ல, ஆராய்ச்சி" என்றார் அவர், எனக்கு முன்னால். அவர் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் வணங்கி எடுத்தேன். ஒரு புட்டியில் சந்தனம். ஒன்றில் குங்குமம். சாம்பிராணி, ஊதுவத்தி, வாடிய சாமந்தி, கற்பூரப் பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி. ஒன்றில் எதுவுமில்லை. எல்லாவற்றுள்ளும் புதிதாகச் செய்த தூள் ஒரு சிறு கிண்ணத்தில். மூடி இறுக்கியாயிற்று.

இசக்கிராஜா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான், "டீச்சர், நான் ஒண்ணு சொல்லட்டுமா. லேபிள நானே எழுதி ஒட்டுதேன். பெறவு ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுல்லா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எழுதி ஒட்டினான். அழகான கையெழுத்து.

புரட்டாசி 29, செவ்வாய்

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மேடம் புறஊதா விளக்கை ஏந்தினார். சந்தனம், பச்சை. குங்குமம், பச்சை. சாமந்தி, பச்சை. நான் மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொண்டு இருந்தேன். எந்த அடியில் இருந்தேன் என்பது இப்போது நினைவில்லை.

கற்பூரம்.

புட்டிக்குள் ஒரு சிறு விடியல்.

"கற்பூரமா" என்றார் மேடம். நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "நாங்க எல்லாரும் உங்க மேல வந்த வாசன்னு நெனச்சோமே டீச்சர். சாம்பிள்ள இருந்துல்லா வந்துருக்கு."

கற்பூரம் உருகாமலே ஆவியாகும் பொருள். பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் நான் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எரியாமலே, தீபம் காட்டாமலே, மூடிய அலமாரிக்குள் இரவு முழுதும் அது தன்னைக் கரைத்துக்கொண்டு, என் சேர்மத்தின் கொத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் புகுந்திருக்கிறது. புகுந்ததும் கனசதுரம் நெருக்குண்டிருக்க வேண்டும். செம்பு அணுக்கள் ஒன்றையொன்று அணுகியிருக்க வேண்டும். அவை அணுகினால் ஒளி சிவப்பின் பக்கம் சாயும். மேடம் கணக்கிட்டுக் காட்டினார், பொருந்துகிறது. சூடுபடுத்தினால் கற்பூரம் வெளியேறும், பச்சை திரும்பும். மீதம் வைத்திருந்த பழைய தூளிலிருந்து அது ஓர் ஆண்டில் தானாகவே வெளியேறியிருக்கிறது. மீண்டும் கற்பூரத்தோடு வைத்தால் மீண்டும் செம்மஞ்சள். இன்று மாலைக்குள் போதும் போதும் என்னும்வரை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

அடுத்து மற்ற ஆவிகளையும் காட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார் மேடம். காற்றில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் பொருள் இது. பிழையென்று கைவிட இருந்த இயல், இனி ஆய்வேட்டிலேயே பெரிய இயல்.

சோதித்ததால் அருள் குறையவில்லை. தானே கரைந்து இன்னொன்றினுள் புகுந்து ஒளியாவதைத்தான் இத்தனை காலம் நான் கற்பூரத் தட்டின்முன் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால், அவள் எனக்கு வேறென்ன சொல்ல வேண்டும்.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். கங்காஸ்நானம் ஆச்சா என்று கேட்க மேடம் தொலைபேசியில் அழைத்தார். கற்பூர இயலில் ஒரு பத்தியைத் திருத்திவிட்டுப் பிறகு லேகியம் தின்றேன்.

ஐப்பசி 20, புதன்

மேடத்துக்கும் எனக்கும் முதல் சண்டை.

"சாம்பிள் கற்பூர ஆவியில வைக்கப்பட்டதுன்னு மட்டும் எழுதுவோம் டீச்சர். பூசை, அலமாரி எல்லாம் எதுக்கு. வெளிய படிக்கவங்க சிரிப்பாங்க. நீங்க சிரிப்புக்கு ஆளாகுத எனக்குப் பிடிக்கல."

"எப்படிக் கற்பூரத்துகிட்ட போச்சுன்னு கேப்பாங்கல்ல மேடம்?"

"தற்செயலான்னு எழுதுவோம்."

"தற்செயல் இல்லையே. நான்தானே கொண்டுபோய் வச்சேன்."

"சரி. உங்க இஷ்டம். ஆனா அந்தப் பத்திய நீங்களே எழுதுங்க. எனக்கு எழுத வராது" என்றார்.

எழுதினேன். பூசை நாளில் வழக்கப்படி தட்டு திறந்த நிலையில் அலமாரியில் வைக்கப்பட்டது. அதே அலமாரியில் கற்பூரம் இருந்தது. இவ்வளவே. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. மேடம் படித்துவிட்டுத் தம் பேனாவால் ஒரு காற்புள்ளி சேர்த்தார். பூசையில் இருந்த அதே பேனா.

கார்த்திகை 27, வியாழன்

பேராசிரியர் வேதமூர்த்தி எழுபதை நெருங்குபவர். ஒடிசலான உருவம், பேச்சில் சிக்கனம். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் என் கணவர், பணி ஓய்வு நாளில் போட்ட அதே சட்டையில்.

முதல் மூன்று இயல்களுக்குக் கேள்விகள் வந்தன, விடைகள் சொன்னேன். நான்காவதற்கு வந்ததும் பேராசிரியர் தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"திருத்தின சேப்டரைப் படிச்சேன். இது எங்க லேப்ல எங்க பசங்க செஞ்ச சாம்பிள். உங்க சாம்பிள் வேணாம். இதுல காட்டுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பிறர் கையால் செய்த தூளில் நான் ஒரு முறையும் செய்து பார்த்ததில்லை. அந்த வெள்ளைத் தூள் மாறாவிட்டால் என் செம்மஞ்சளும் இல்லை, மேடத்தின் பதவியும் இல்லை, என்னைப் பற்றிப் பக்கத்து அறையில் பேசியதும் உண்மையாகிவிடும்.

"ஆகட்டும் ஐயா" என்றேன்.

குப்பியைத் திறந்து கிண்ணத்தில் கொட்டினேன். இசக்கிராஜா விளக்கணைத்தான். புறஊதா ஒளியில் அவர்கள் தூள் பச்சையாக ஒளிர்ந்தது. பேராசிரியர் தலையசைத்தார். கிண்ணத்தை ஊறுகாய்ப் புட்டியில் இறக்கி, இரண்டு வில்லை கற்பூரத்தைப் பக்கத்தில் வைத்து மூடி, இளஞ்சூடான தகட்டின்மேல் வைத்தேன். அந்தச் சூட்டில் கற்பூரம் விரைந்து ஆவியாகும். புட்டி மூடியிருப்பதால் ஆவி எங்கும் போகாது.

"கோயில் கற்பூரமா?" என்றார் பேராசிரியர்.

"கடைத்தெருவுல வாங்குனது ஐயா. கோயிலுக்கும் அதே கடைதான்."

இருட்டில் எங்கோ சிரிப்பொலி. அவரும் சிரித்தது போலிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். சாம்பிளைப் போய்ப் பூசையில ஏன் வச்சீங்க? புத்தகம் வைக்கலாம், பேனா வைக்கலாம்."

"எதை வச்சு வேலை செய்யுதோமோ அதை வைப்போம் ஐயா. நான் இதை வச்சுத்தான் வேலை செஞ்சேன்."

அனைவரும் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை. பச்சையேதான். ஒருவர் இருமினார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. எனக்குள் ஓதல் ஏதும் எழவில்லை, வேண்டுதலும் எழவில்லை. இதை நான் அறிவேன் என்ற ஒன்று மட்டும் உள்ளே அசையாமல் நின்றது. அது இறுமாப்பு என்றால் இறைவன் பொறுக்கட்டும்.

கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு தோன்றிற்று. மயிரிழை போல முதலில். பிறகு விரலளவு. பச்சையின் கரையை அரித்துக்கொண்டு உள்நோக்கி நகர்ந்து, மஞ்சள் பொன்னாகி, பொன் கனிந்து, தூள் முழுவதும் செம்மஞ்சளாக எரியத் தொடங்கியது. அந்த ஒளி பேராசிரியரின் கண்ணாடியில் இரண்டு சிறு அகல்களாகத் தெரிந்தது.

கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டினார். தட்ட வேண்டிய நேரமே அன்று. தட்டியது யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பேராசிரியர் எழுந்து புட்டியை இரு கைகளாலும் எடுத்துப் பார்த்தார். "இவங்க சொன்னது பொய்னு நிரூபிக்கத்தான் இதை ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தேன். என் சாம்பிளே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு" என்றார் அவையைப் பார்த்து. பிறகு என்னிடம் திரும்பினார். "வெறும் பச்சையைப் பார்த்துட்டு நாங்க நிறுத்திட்டோம்மா. நீங்க நிறுத்தல." என் முன் கைகுவித்தார். நானும் குவித்தேன். பரிந்துரையை அங்கேயே நின்று வாசித்தார். என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்த்து வாசித்தார்.

மேடம் விளக்கை அணைக்கத் திரும்பினார். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. பிறகு வந்து, "முனைவர் ஆவுடைநாயகி, இனிமேலாவது என்னை மேடம்னு கூப்பிடாதீங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன்.

இசக்கிராஜா புட்டியின்மேல் ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். "இனி டாக்டர் டீச்சரா, டீச்சர் டாக்டரா? கரெக்டா எழுதணும்லா." என்ன எழுதினான் என்று பார்த்தேன். சேர்மத்தின் பெயரும், அதன்கீழ் என் பெயரும்.

கார்த்திகை 28, வெள்ளி. திருக்கார்த்திகை

வாசலெங்கும் அகல். மேடமும் இசக்கிராஜாவும் வந்திருந்தார்கள். மேடம் தாமும் ஒரு விளக்கேற்றினார். பொரியுருண்டை தின்று, ஆய்விதழுக்கு அடுத்த கட்டுரை எப்போது என்று பேசிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியை அவர் திரும்ப வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். நான் பார்த்தேன் என்பதைப் பார்த்தார்.

"பாளையங்கோட்டை டாக்டர் வரச் சொன்னாருல்லா, ஒங்க முழங்காலுக்கு. போவண்டாமா?"

"அது சரியாப் போச்சி" என்றார். "எப்பவோ சரியாப் போச்சி."

பிறகு நேற்று நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை சொல்லச் சொன்னார். அங்கேயே இருந்தவர்தான். சொன்னேன். மஞ்சள் கோடு தோன்றிய இடத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டார். அப்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் கூடத்தில் இருந்தேன். அவர் அடுப்படியில், அடுப்பின் பக்கத்திலேயே, கரண்டியும் கையுமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணியெடுத்து நான் துடைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.